இங்கிலாந்துப் பள்ளியில் தொற்றுநோய் விடுப்பு: எத்தனை நாள் வீட்டில், ரெஜிஸ்டரில் எந்த எழுத்து? முழுமையான வழிகாட்டி

"அண்ணா, லீவ் லெட்டரை யாரிடம் கொடுக்கணும்? டாக்டர் சர்ட்டிபிகேட் சேர்த்து வைக்கணுமா?" ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த முதல் நாளே இதைத்தான் கேட்கிறார்கள். இங்கே இரண்டுமே பெரும்பாலும் தேவையில்லை. தேவைப்படுவது காலையில் ஒரு போன், சரியான நாள் கணக்கு, அப்புறம் வருகை ரெஜிஸ்டரில் என்ன குறியீட்டு எழுத்து விழுந்தது என்று ஒரு பார்வை.

பழைய ஆட்களுக்கு வேறு சிக்கல். கோவிட் காலத்துப் பத்து நாள் தனிமை இன்னும் மனதில் அப்படியே இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு இருமல் என்றால் மூன்று பிள்ளைகளையும் நிறுத்திவிடுகிறார்கள். அந்த விதிகள் எல்லாம் போய்விட்டன. இப்போது இருப்பவற்றைச் செய்யவேண்டிய வரிசையில் கீழே தருகிறேன். இவை இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் நடைமுறை வேறு.

1. இரண்டு கேள்விகளையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

பிள்ளை எத்தனை நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. அதற்கான வழிகாட்டுதலை வெளியிடுவது யூகேஎச்எஸ்ஏ எனப்படும் சுகாதாரப் பாதுகாப்பு முகமை. அந்த நாட்களை ரெஜிஸ்டரில் எப்படிப் பதிவது என்பது இன்னொரு கேள்வி. அது கல்வித் துறையின் விதிப்படி பள்ளி எடுக்கும் முடிவு.

ஜிபி, அதாவது குடும்ப மருத்துவர், சொன்னார் என்பதற்காக ரெஜிஸ்டர் தானாக மாறாது. பள்ளி அனுமதித்துவிட்டது என்பதற்காகத் தொற்று தீர்ந்துவிட்டதாகவும் அர்த்தம் இல்லை. நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்தவைதான்.

2. காய்ச்சல் வருமுன் தயாராக இருக்க வேண்டியவை

பள்ளியின் அட்டெண்டன்ஸ் பாலிசியை இணையதளத்தில் எடுத்துப் படியுங்கள். வராத நாளன்று எத்தனை மணிக்குள், போனிலா ஆப்பிலா மின்னஞ்சலிலா சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்கும். ஒவ்வொரு பள்ளிக்கும் இது மாறும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளி வழக்கத்தை நம்பாதீர்கள்.

அவசரத் தொடர்புக்கு ஒருவருக்கு மேற்பட்டவர்களின் எண்களைக் கொடுங்கள். அப்பா எண் மட்டும் கொடுத்துவிட்டு அவர் வேலையிடத்தில் போனை லாக்கரில் வைத்திருந்தால், பதினொரு மணிக்கு வாந்தி எடுத்த பிள்ளை மூன்று மணி வரை ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். தொட்டுப் பார்த்து "கொஞ்சம் கதகதப்பா இருக்கு" என்றால் எந்த முடிவும் எடுக்க முடியாது. 38 டிகிரி செல்சியஸ், அதற்கு மேல் என்றால் காய்ச்சல்.

அடுத்தது தடுப்பூசி அட்டை. இதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். தமிழ்நாட்டில் அரசுத் திட்டத்தில் ஒன்பதாம் மாதம் போடுவது எம்ஆர் ஊசி. அதில் தட்டம்மையும் ரூபெல்லாவும்தான் உண்டு, பொன்னுக்கு வீங்கிக்கான பங்கு கிடையாது. இலங்கையில் எம்எம்ஆர் (இந்த மூன்றுக்கும் சேர்ந்தது) முதல் ஊசி ஒன்பதாம் மாதத்தில். ஆனால் ஒரு வயது முடிவதற்கு முன் போட்ட ஊசியை இங்கே கணக்கில் எடுப்பதில்லை. அட்டையில் இரண்டு ஊசி தெரிந்தாலும், இங்கே அது ஒன்றாகவே எண்ணப்படலாம். ஜிபி ஆபீசில் அட்டையைக் காட்டி, விடுபட்டதைப் போட்டுக்கொள்ளுங்கள். வகுப்பில் யாருக்காவது தட்டம்மை வந்தால் இதன் அவசரம் புரியும். ஊசி முழுமையாக இல்லாத பிள்ளையை, தொடர்பு இருந்த காரணத்துக்காகவே 21 நாள் வரை பள்ளிக்கு வராமல் இருக்கச் சொல்லலாம்.

3. காலையில் முடிவெடுப்பது

மூக்கு ஒழுகல், லேசான தொண்டை வலி, சிறு இருமல். மற்றபடி பிள்ளை சாப்பிடுகிறது, ஓடுகிறது, காய்ச்சல் இல்லை. அப்படியானால் அனுப்பலாம். குளிர்கால இங்கிலாந்தில் மூக்கு ஒழுகலுக்கு லீவ் போட ஆரம்பித்தால் நவம்பர் முழுக்க வீட்டில்தான்.

காய்ச்சல் இருந்தால் அனுப்பக் கூடாது. காய்ச்சல் விட்டு, பிள்ளை தெம்பாகும் வரை வீட்டில் இருக்கட்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒன்று: ஏழரைக்குப் பாராசிட்டமால் சிரப் கொடுத்து, காய்ச்சல் இறங்கியதும் எட்டரைக்கு வாசலில் விட்டுவிடுவது. மருந்தின் வேகம் நான்கு முதல் ஆறு மணி நேரம்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே காய்ச்சல் திரும்பும், ஆபீசிலிருந்து போன் வரும். அடுத்த முறை நீங்கள் உண்மையைச் சொன்னாலும் அந்த ஆபீசில் ஒரு சந்தேகப் பார்வை இருக்கும். மருந்து இல்லாமல் காய்ச்சல் இல்லை என்றால்தான் காய்ச்சல் இல்லை.

தடிப்பு இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். தடிப்பு மறையாமல் அப்படியே தெரிந்தால், பிள்ளையும் சோர்ந்திருந்தால், பள்ளி ரெஜிஸ்டரை மறந்துவிட்டு உடனே அவசர உதவி எண் 999. தட்டம்மை என்று சந்தேகம் வந்தால் ஜிபி ஆபீசுக்கு நேரே போகாமல் முதலில் போன் செய்யுங்கள். காத்திருக்கும் அறையில் கைக்குழந்தைகள் இருப்பார்கள்.

4. ரெஜிஸ்டர் மூடுமுன் சொல்லுங்கள்

பள்ளிகள் நாளுக்கு இரண்டு முறை ரெஜிஸ்டர் எடுக்கின்றன, காலையில் ஒன்று, மதியம் ஒன்று. ஒவ்வொரு அரை நாளும் ஒரு 'செஷன்'. ரெஜிஸ்டரை அரை மணி நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பது விதி. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 'என்' விழும், அதாவது காரணம் இன்னும் தெரியவில்லை. ஐந்து பள்ளி நாட்களுக்குள் அதை வேறு எழுத்தாக மாற்றியாக வேண்டும். காரணம் கிடைக்காவிட்டால் அது 'ஓ' ஆகும், அனுமதியில்லாத விடுப்பு.

செய்தியில் நான்கு விஷயம் போதும்: பிள்ளையின் பெயரும் வகுப்பும், என்ன உபாதை, எப்போது தொடங்கியது, எப்போது திரும்புவதாக எதிர்பார்க்கிறீர்கள். 'அன்வெல்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். "நேற்று இரவு இரண்டு முறை வாந்தி, கடைசியாகப் பத்து மணிக்கு" என்று எழுதினால் ஆபீசில் இருப்பவரே நாள் கணக்கைப் போட்டு, எப்போது அனுப்பலாம் என்று பதில் அனுப்பிவிடுவார். அந்தப் பதில் உங்களிடம் எழுத்தில் இருக்கும்.

முதல் நாள் சொல்லிவிட்டோமே என்று இரண்டாம் நாள் சும்மா இருக்க வேண்டாம். பல பள்ளிகள் ஒவ்வொரு நாளும் தகவல் கேட்கின்றன. போனில் சொன்னாலும் பின்னாலேயே ஒரு வரி மின்னஞ்சல் போட்டுவையுங்கள்.

இரவெல்லாம் தூங்காத பிள்ளை பத்தரைக்குத் தேறிவிட்டதா? காய்ச்சலோ வாந்தியோ இல்லையென்றால் மதிய ரெஜிஸ்டருக்குள் கொண்டுபோய் விடலாம். முழு நாள் போவதற்குப் பதில் ஒரு செஷன்தான் போகும்.

5. நாளைச் சரியாக எண்ணுங்கள்

அதிகம் சறுக்குவது இங்கேதான். எந்தப் புள்ளியிலிருந்து எண்ணுவது என்பது நோய்க்கு நோய் மாறும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு: கடைசியாக நடந்ததிலிருந்து 48 மணி நேரம். முதல் முறையிலிருந்து அல்ல. செவ்வாய் இரவு பத்துக்குக் கடைசி வாந்தி என்றால் வியாழன் இரவு பத்துக்குத்தான் கெடு முடிகிறது, பள்ளி வெள்ளிக்கிழமை காலை. புதன்கிழமையே பிள்ளை சோபாவில் குதித்துக்கொண்டிருக்கும், இட்லி கேட்கும். இருந்தாலும் அனுப்பக் கூடாது. தெம்பு வந்த பிறகும் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதுதான் இந்த இரண்டு நாள் விதிக்குக் காரணம்.

கோவிட்: பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்ய இப்போது யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. மருத்துவர் சொன்னால் ஒழிய வேண்டியதில்லை. ஆனால் செய்து பாசிட்டிவ் வந்துவிட்டால், 18 வயது வரையிலானவர்கள் பரிசோதனை நாளுக்குப் பிறகு 3 நாள் வீட்டில் இருக்க முயல வேண்டும். பரிசோதனை நாள் பூஜ்யம். திங்கள் பாசிட்டிவ் என்றால் செவ்வாய், புதன், வியாழன் வீடு. வெள்ளி பள்ளி, காய்ச்சல் இல்லாமல் தெம்பாக இருந்தால். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். வியாழன் பாசிட்டிவ் என்றால் திங்களே பள்ளி. பெரியவர்களுக்கு 5 நாள் என்பதால் அப்பாவின் கணக்கைப் பிள்ளைக்குப் போட்டுவிடுகிறார்கள். அது தேவையில்லை.

சின்னம்மை: கொப்புளம் எல்லாமே காய்ந்து பொருக்குக் கட்ட வேண்டும், குறைந்தது தடிப்பு தோன்றி 5 நாள். முகத்தில் காய்ந்துவிட்டது என்று அனுப்பிவிட்டு, தலைமுடிக்குள்ளும் முதுகிலும் புதிதாக இரண்டு பச்சைக் கொப்புளம் இருந்து திருப்பி அனுப்பப்பட்ட கதைகள் நிறைய. வீட்டில் வேப்பிலை வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளைக் கணக்கிடுவது உங்கள் விருப்பம். அந்த நாள் தள்ளிப்போவதால் மட்டும் பள்ளி கூடுதல் விடுப்பு தராது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அருகே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பு ஆசிரியர் கர்ப்பிணியாக இருக்கலாம், அதனால் நோயின் பெயரைப் பள்ளியிடம் மறைக்காதீர்கள்.

தட்டம்மை: தடிப்பு தோன்றியதிலிருந்து 4 நாள். பொன்னுக்கு வீங்கி: வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள். ஸ்கார்லெட் காய்ச்சல்: ஆன்டிபயாடிக் தொடங்கி 24 மணி நேரம். இம்பெட்டிகோ என்ற தோல் புண்: பொருக்குக் கட்டும் வரை, அல்லது ஆன்டிபயாடிக் தொடங்கி 48 மணி நேரம். எல்லாவற்றிலும் பிள்ளை தெம்பாக இருக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை.

வீட்டில் நிறுத்தவே தேவையில்லாதவை: பேன், கண் நோய், கை-கால்-வாய்ப் புண், கன்னம் சிவக்கும் நோய், கீரிப்பூச்சி. கண் சிவந்தால் ஊரில் ஒரு வாரம் லீவ். இங்கே பிள்ளை மற்றபடி நன்றாக இருந்தால் வகுப்புக்குப் போகலாம்.

கூடப்பிறந்தவர்கள் நன்றாக இருந்தால் பள்ளிக்குப் போக வேண்டும். அண்ணனுக்குக் கோவிட் என்று தங்கையை நிறுத்தினால், தங்கையின் விடுப்புக்குப் பள்ளி ஏற்கக்கூடிய காரணம் இல்லை. ஒருவரைக் கொண்டுவிட ஆள் இல்லை என்பதும் காரணமாகாது. வேறு பெற்றோர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

6. ரெஜிஸ்டரில் விழுந்த எழுத்தைப் பாருங்கள்

பிள்ளை திரும்பிய வாரமே ஆப்பில் பாருங்கள், அல்லது ஆபீசில் கேளுங்கள். பருவம் முடிந்தபின் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

'ஐ' என்றால் நோய், அனுமதிக்கப்பட்ட விடுப்பு. 'எம்' என்றால் மருத்துவர் அல்லது பல் மருத்துவர் சந்திப்பு. 'எல்' என்றால் தாமதம், ஆனால் வந்ததாகக் கணக்கு. 'யூ' என்றால் ரெஜிஸ்டர் மூடியபின் வந்தது, அது அனுமதியில்லாத விடுப்பு. 'ஜி' என்றால் அனுமதி பெறாத விடுமுறைப் பயணம்.

பலருக்குத் தெரியாத ஒன்று 'ஒய்6'. பள்ளிக்கு வருவது பொதுச் சுகாதார வழிகாட்டுதலுக்கோ சட்டத்துக்கோ எதிராகும் என்றால் போடுவது இது. ஆறாம் வகுப்பையும் பள்ளிகள் இப்படியே சுருக்குவதால் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிள்ளை நோயாளி என்றால் 'ஐ'. பிள்ளை நன்றாக இருந்தும் தொடர்பு காரணமாக வரக் கூடாது என்று வழிகாட்டுதல் இருந்தால் 'ஒய்6' பொருந்துமா என்று கேளுங்கள். இதில் வித்தியாசம் பெரிது: 'ஐ' அனுமதிக்கப்பட்டதுதான், ஆனாலும் வருகைச் சதவீதத்தைக் குறைக்கும். 'ஒய்6' விடுப்பாகவே எண்ணப்படாது.

சதவீதம் பற்றி ஒரு நிதானம் தேவை. ஆண்டுக்கு 190 நாள், அதாவது 380 செஷன். 10 சதவீதம், அதாவது 38 செஷன் தவறினால் 'தொடர் விடுப்பு' பட்டியலில் வருவார்கள். ஆனால் செப்டம்பரில் தொடங்கும் அரைப் பருவம் ஏழு வாரம் என்றால் மொத்தம் 35 நாள்தான். ஒரு சின்னம்மைக்கு 4 நாள் போனாலே வருகை 88.6 சதவீதம். அக்டோபரில் 'கவலைக்குரிய வருகை' என்று ஒரு கடிதம் வரும். அதைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காத தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் கணினி தானாக அனுப்புவது. எல்லா நாளும் 'ஐ' என்றால், காரணத்தைச் சுட்டி இரண்டு வரி பதில் அனுப்பினால் போதும்.

7. அத்தாட்சி: கேட்டால் மட்டும்

சாதாரண நோய் விடுப்புக்கு மருத்துவ அத்தாட்சி கேட்பதைப் பள்ளிகள் வழக்கமாக்கக் கூடாது என்பதே கல்வித் துறையின் நிலை. நோய் உண்மையா என்று நியாயமான சந்தேகம் இருந்தால் கேட்கலாம். அப்போதும் ஜிபி கடிதம்தான் வேண்டும் என்பதில்லை. மருந்துச் சீட்டு, சந்திப்புக் குறுஞ்செய்தி, மருந்துப் பாட்டிலில் பெயர் உள்ள லேபிளின் படம் போதும். வாந்தி எடுக்கும் பிள்ளையைக் கடிதத்துக்காக ஜிபியிடம் இழுத்துப்போகாதீர்கள். அவர்கள் கொடுக்கவும் மாட்டார்கள்.

8. வீட்டுப்பாடமும் நீண்ட விடுப்பும்

கோவிட் காலப் பழக்கத்தில் "ஆன்லைனில் படிக்கிறான், வருகை போடுங்கள்" என்று கேட்கிறார்கள். தொலைவழிப் படிப்பு இருந்தாலும் அது விடுப்புதான். இரண்டு மூன்று நாளுக்குப் படிப்பைத் துரத்த வேண்டாம், பிள்ளை தூங்கட்டும்.

நோய் காரணமாக 15 பள்ளி நாள் அல்லது அதற்கு மேல் போகும் என்று தெரிந்தால் கதை வேறு. அப்போது தக்க கல்விக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றத்துக்கு உண்டு. தானாக நடக்கும் என்று காத்திராமல், மருத்துவமனைக் கடிதத்துடன் பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரே மூச்சில் 15 நாளாக இருக்க வேண்டியதில்லை, விட்டுவிட்டு வருவதும் சேரும்.

9. ஊரில் இருக்கும்போது நோய் வந்தால்

ஆகஸ்ட் விடுமுறைக்குச் சென்னையோ யாழ்ப்பாணமோ போய், திரும்பும் வாரம் பிள்ளைக்கு டெங்கு. இதை நம்பாத பள்ளிகள் உண்டு, ஏனென்றால் மலிவு டிக்கெட்டுக்காக இதே காரணத்தைச் சொன்னவர்கள் உண்டு.

பள்ளி திறக்கும் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை அறிக்கை, பழைய டிக்கெட், மாற்றிய டிக்கெட் நான்கையும் சேருங்கள். முதல் டிக்கெட்டின் திரும்பும் தேதி பள்ளி திறக்குமுன் இருந்தது என்பதுதான் உங்கள் வலுவான சாட்சி. டிக்கெட்டே பள்ளி திறந்தபின் என்றால், எவ்வளவு பெரிய காய்ச்சலும் உதவாது. எந்த எழுத்து போடுவது என்பது தலைமை ஆசிரியரின் முடிவு.

தகவல் இல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. அனுமதியின்றித் தொடர்ந்து 20 பள்ளி நாள் வராமல், பள்ளியும் மன்றமும் தேடியும் பிள்ளை இருக்கும் இடம் தெரியாவிட்டால், பெயரையே நீக்க வழியுண்டு. லண்டனின் பல பகுதிகளில் அந்த இடம் மறுபடி கிடைப்பது லேசல்ல.

10. அபராதம் எப்போது வரும்

அனுமதிக்கப்பட்ட நோய் விடுப்புக்கு அபராதம் இல்லை. 10 பள்ளி வாரங்களுக்குள் அனுமதியில்லாத 10 செஷன், அதாவது ஐந்து நாள், சேர்ந்தால்தான் பள்ளி அபராதத்தைப் பரிசீலிக்க வேண்டும். 2024 ஆகஸ்ட் முதல் தொகை 160 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டினால் 80. மூன்று ஆண்டுக்குள் அதே பிள்ளைக்காக இரண்டாவது முறை என்றால் தள்ளுபடி இல்லை, 160 தான். மூன்றாவது முறை அபராதச் சீட்டு வராது, நீதிமன்றம் வரை போகலாம்.

இது ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் 80 வீதம் 320 பவுண்டு. தாமதமாக வந்த 'யூ'க்களும் அந்தப் பத்தில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

11. மறுபடி ஒரு பெருந்தொற்று வந்தால்

வழிகாட்டுதலின் தேதியை முதலில் பாருங்கள். கோவிட் காலத்தில் தொடர்பாளர் (நோயாளியுடன் தொடர்பில் இருந்தவர்) தனிமை 14 நாளாக இருந்து 2020 டிசம்பரில் 10 ஆனது. 2021 ஆகஸ்டில் பதினெட்டரை வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது நீங்கியது. நோயாளிகளின் 10 நாள், சோதனை நெகட்டிவ் ஆனால் 7 என்றும் பிறகு 5 என்றும் குறைந்து, 2022 பிப்ரவரி 24-இல் சட்டக் கட்டாயமே போனது. வாட்ஸாப் குழுவில் சுற்றிய படங்களோ இரண்டு மாற்றம் பின்தங்கியே இருந்தன.

பள்ளி, "உங்கள் பிள்ளை வர வேண்டாம்" என்று சொன்னால் அதை எழுத்தில் வாங்குங்கள்: எந்த நாளிலிருந்து, எந்த நாள் வரை, எந்த வழிகாட்டுதலின்படி. பிள்ளை நன்றாக இருந்தால் 'ஒய்6', நோய் வந்த நாளிலிருந்து 'ஐ'. இடையில் பிள்ளைக்கே நோய் தொடங்கினால், தொடர்பாளர் கணக்கு நின்று நோயாளிக் கணக்கு தொடங்கும். அந்தத் தேதியை அன்றே தெரிவியுங்கள். தனிமையில் இருக்கும் நாட்களில் பாடம் எப்படி வரும், டேப்லெட் இல்லாவிட்டால் கடன் கிடைக்குமா, இலவச மதிய உணவு பெறும் பிள்ளை என்றால் அதற்கு என்ன ஏற்பாடு என்ற மூன்றையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.